கேஸா, இண்டக்ஷனா? ரெண்டு மாச ரீடிங் 280, சிலிண்டர் 45 நாள் வருது. முழுசா மாறினா கட்டுப்படியாகுமா?

மேலூர்க்காரன் (கேள்வி):

வீட்டில் நாலு பேர். 14.2 கிலோ சிலிண்டர் சராசரியா 45 நாள் வருது. ஈபி ரீடிங் ரெண்டு மாசத்துக்கு 280 யூனிட் பக்கம். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ஏசி ஓடுறதால 420 வரைக்கும் போகும். அம்மாவுக்கு வீசிங் இருக்கு. சமையலறை சின்னது, ஒரே ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை. டாக்டர் அடுப்புப் புகையைக் குறைக்கச் சொல்றார். அதனால கேஸை விட்டுட்டு 2000 வாட் இண்டக்ஷன் ரெண்டு வாங்கிடலாமான்னு யோசனை.

கேக்க வேண்டியது நாலு விஷயம். செலவு கூடுமா குறையுமா? சமையலறையில 16 ஆம்ப் பாயின்ட் ஒண்ணுதான் இருக்கு (இப்ப கிரைண்டர் ஓடுது), மீதி எல்லாம் 6 ஆம்ப், அது தாங்குமா? இருக்கிற பாத்திரம் எது உதவும், எது உதவாது? கேஸ் கனெக்ஷனைத் திருப்பிக் கொடுத்திடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கணக்குப்பிள்ளை:

செலவுக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இதை முடிவு செய்வது அடுப்பு அல்ல, உங்கள் ஈபி ஸ்லாப், அதாவது யூனிட் கூடக் கூட விலை ஏறும் கட்டணப் படி.

எல்பிஜி ஒரு கிலோவில் சுமார் 12.7 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. 14.2 கிலோவுக்கு 180 யூனிட். வீட்டு அடுப்பில் அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குள் போகும் என்று வையுங்கள், 108 யூனிட். மீதி பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி அறையைச் சூடாக்குகிறது. இண்டக்ஷனில் 85 சதவீதம் உள்ளே போகும். ஆக, ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்ஷன் செய்ய 127 யூனிட் மின்சாரம் வேண்டும்.

சென்னையில் 2025 ஏப்ரலில் சிலிண்டர் ரூ.868.50. அதை 127-ஆல் வகுத்தால் 6 ரூபாய் 84 காசு. இந்த ஒரு எண்ணை மனதில் வையுங்கள். நீங்கள் கூடுதலாக எரிக்கும் யூனிட்டுக்கு இதைவிடக் குறைவாகக் கட்டினால் மின்சாரம் லாபம், கூடக் கட்டினால் கேஸ் லாபம். சிலிண்டர் விலை மாறும்போது புது விலையை 127-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்லாப். 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் இரண்டு ரூபாய்ச் சொச்சம், 201 முதல் 400 வரை ஏறக்குறைய நாலே முக்கால், 401 முதல் 500 வரை ஆறு ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டினால் இரண்டு அடி விழும். 501-லிருந்து எட்டு ரூபாய்க்கு மேல், 601-லிருந்து ஒன்பதுக்கு மேல் என்பது ஒன்று. 101-200க்கு இருந்த சலுகை விலையும் போய்விடும் என்பது இன்னொன்று. அதற்கு மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் சேரும். 500-வது யூனிட்டுக்கும் 501-வது யூனிட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் இதுதான்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 45 நாளைக்கு ஒரு சிலிண்டர் என்றால் 60 நாளைக்கு 1.33 சிலிண்டர், மின்சாரத்தில் 170 யூனிட். மேலே சொன்ன சிலிண்டர் விலையில் கேஸுக்கு இரண்டு மாதத்தில் செலவு சுமார் ரூ.1,160.

சாதாரண மாதங்களில்: 280 + 170 = 450. கூடுதல் மின் கட்டணம் சுமார் ரூ.900. இரண்டு மாதத்துக்கு 260 ரூபாய் மிச்சம்.

ஏசி மாதங்களில்: 420 + 170 = 590. கூடுதல் கட்டணம், போன சலுகையையும் சேர்த்து, சுமார் ரூ.1,500. இரண்டு மாதத்துக்கு 350 ரூபாய் நஷ்டம்.

ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே அடுப்பு. மாதத்தைப் பொறுத்துப் பதில் தலைகீழாகிறது. "இண்டக்ஷன்தான் லாபம்" என்று யூடியூபில் சொல்பவரும் "கரண்டு பில் ஏறிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்பவரும் அவரவர் ஸ்லாபில் நின்று உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சுற்றுச்சூழல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த விவாதத்தில் அது எப்போதும் வந்துவிடுவதால் ஒரு வரி. 14.2 கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 43 கிலோ கரியமில வாயு. 127 யூனிட் கிரிட் மின்சாரத்துக்கு, இந்திய சராசரி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்ற கணக்கில், 90 கிலோவைத் தொடும். நிலக்கரி இவ்வளவு இருக்கும்வரை இண்டக்ஷன் பசுமை அடுப்பு என்று சொல்ல மாட்டேன். மாடியில் சோலார் இருந்து பகலில் சமைத்தால் கதை வேறு.


ஒயர்மேன்:

கணக்கெல்லாம் சரி சார், பாயின்ட்டைப் பத்தி நான் சொல்றேன்.

2000 வாட்னா 230 வோல்ட்ல 8.7 ஆம்ப். 6 ஆம்ப் சாக்கெட் தாங்காது. ஒரே நாள்ல எரியாது, அதான் ஆபத்து. முதல்ல சாக்கெட்டுக்குள்ள இருக்கிற பித்தளைத் தகடு சூட்டுல இளகி பிடிமானம் போகும், பிடிமானம் போனா இன்னும் சூடாகும், ரெண்டு மூணு மாசத்துல பிளக் முள் கறுத்து சாக்கெட் உருகும். 16 ஆம்ப் பிளக்குக்கு கன்வெர்ட்டர் பின் மாட்டி 6 ஆம்ப்ல சொருகுறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கொடுக்கிறது ரெண்டும் கூடவே கூடாது.

உங்களுக்கு ஒரு 16 ஆம்ப் இருக்கு, அதுல கிரைண்டர் ஓடுது. கிரைண்டர் சின்ன லோடு, அதை 6 ஆம்ப்புக்கு மாத்திட்டு இண்டக்ஷனை இங்க கொடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாருங்க: அந்த 16 ஆம்ப் பாயின்ட்டுக்கு வர்ற ஒயர் டிபி பாக்ஸ்ல (வீட்டு லைன் எல்லாம் பிரியுற பெட்டி) இருந்து நேரா வருதா, இல்ல பாத்ரூம் கீசர் பாயின்ட்ல இருந்து லூப் எடுத்திருக்காங்களா? பழைய வீட்டுல நிறைய இடத்துல லூப்தான். கீசர் 2000, இண்டக்ஷன் 2000, ரெண்டும் சேர்ந்தா 17 ஆம்ப்புக்கு மேல. காலைல ஏழு மணிக்கு ரெண்டும் ஒண்ணாதான் ஓடும். எம்சிபி (லோடு கூடினா தானா அணையிற ஸ்விட்ச்) டிரிப் ஆச்சுன்னா சந்தோஷப்படுங்க. டிரிப் ஆகுதேன்னு 16-ஐ எடுத்துட்டு 32 எம்சிபி போடச் சொன்னா அந்த எலக்ட்ரீஷியனை விட்டுடுங்க. எம்சிபி காப்பாத்துறது ஒயரை. ஒயர் அதே இருக்க எம்சிபியை மட்டும் பெருசாக்கினா ஒயர்தான் ஃபியூஸ்.

ரெண்டு இண்டக்ஷன் வேணும்னா ரெண்டாவதுக்கு டிபியில இருந்து தனி லைன்: 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், தனி 16 ஆம்ப் எம்சிபி, எர்த் ஒயர் கண்டிப்பா. டிபியில 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா லைனைத் துண்டிக்கிறது) இல்லைன்னா இதோட சேர்த்துப் போட்டுடுங்க. மேடைக்குள்ள பதிக்கிற நாலு பர்னர் ஹாப் வேற விஷயம், அது ஏழு கிலோவாட் வரைக்கும் இழுக்கும், 6 ஸ்கொயர் எம்எம், 32 ஆம்ப்னு போகும். ஒப்பந்த மின்பளுவும் கூட்ட வேண்டி வரும்.

மாட்டின பிறகு ஒரு சோதனை. இருபது நிமிஷம் முழு பவர்ல தண்ணி கொதிக்க விட்டு, ஸ்விட்ச் ஆஃப் பண்ணி, பிளக்கை உருவி முள்ளுக்குப் பக்கத்துல பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியலைன்னா சாக்கெட் லூஸ், இல்லைன்னா பின்னாடி ஒயர் ஸ்க்ரூ லூஸ்.

இண்டக்ஷன் அடுப்பு கெட்டுப் போறது பெரும்பாலும் மூணு காரணத்தால. ஒண்ணு, சமைச்சு முடிச்ச உடனே சுவர் ஸ்விட்ச்சை ஆஃப் பண்றது. அடுப்புல இருக்கிற பட்டனை அமுக்கி நிறுத்துங்க, உள்ள ஃபேன் ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓடி ஐஜிபிடியை (காயிலுக்குக் கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கிற பவர் டிரான்சிஸ்டர்; காயில்னா கண்ணாடிக்கு அடியில இருக்கிற கம்பிச் சுருள்) ஆற வைக்கும், அப்புறம் சுவர் ஸ்விட்ச். ரெண்டு, அடியில பேப்பர், பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறது. காத்து இழுக்கிற வழி அடியிலதான் இருக்கு, அதை அடைச்சா ஐஜிபிடி போகும், கூடவே போர்டுல இருக்கிற ஃபியூஸும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் போகும். மூணு, கரப்பான். சூடான இடம் தேடி உள்ள போய் போர்டுல ஷார்ட் ஆகும். ராத்திரி துடைச்சு, பிளக்கை உருவி, மேடையை விட்டு எடுத்து வச்சிடுங்க. இடி மின்னல் நேரத்துலயும் பிளக்கை உருவணும்.

அடுப்பு ஓடுது, ஆனா சூடு முன்ன மாதிரி இல்லைன்னா ஐஜிபிடியைப் பாக்காதீங்க, காயில் பக்கத்துல இருக்கிற 0.27 அல்லது 0.33 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் வலு இழந்திருக்கும். அது சின்ன விலை. தெரியாத ஆள் முழு போர்டையும் மாத்தச் சொல்வார். கழட்டறதுக்கு முன்னாடி பிளக்கை உருவி கொஞ்ச நேரம் விடணும், உள்ள கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அதனால இதை நீங்களே செய்ய வேண்டாம்.


மண்சட்டி:

தம்பி, பாத்திர விஷயம் நான் சொல்கிறேன். ஒரு ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் நடுவில் வைத்துப் பாருங்கள். கவிழ்த்துப் பிடித்தாலும் விழாமல் நிற்க வேண்டும். இலேசாக ஒட்டி வழுக்கினால் அந்தப் பாத்திரம் அரைகுறையாகத்தான் சூடாகும், அடுப்பு பீப் பீப் என்று கத்தும்.

எவர்சில்வர் என்றால் ஓடும் என்று நினைக்காதீர்கள். நல்ல எவர்சில்வர் என்று வாங்கி வைத்திருப்பதில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. இண்டாலியம் வாணலி, பித்தளை உருளி, செம்பு, மண்சட்டி, ஈயச்சொம்பு எதுவுமே ஆகாது. அலுமினிய இட்லிப் பானையும் ஆகாது. இவற்றுக்கு அடியில் வைக்க ஒரு இரும்புத் தட்டு விற்கிறார்கள். வாங்காதீர்கள். தட்டுதான் பழுக்கும், கண்ணாடிக்கு அடியிலுள்ள சென்ஸார் அதைப் பார்த்து அடிக்கடி நிறுத்திவிடும், பாதிச் சூடு வீணாகும்.

குக்கரில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். நாம் விசில் எண்ணுகிறோம். விசில் நேரம் அல்ல, எவ்வளவு வேகமாகச் சூடு கொடுக்கிறோம் என்பதன் அடையாளம்தான். கேஸில் பன்னிரண்டு நிமிடத்தில் வரும் மூன்று விசில், இண்டக்ஷனில் 2000-இல் வைத்தால் அதில் பாதி நேரத்தில் வந்துவிடும், பருப்பு கடிபடும். "இண்டக்ஷன்ல பருப்பு வேகல" என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. முதல் விசில் வரும்வரை 1600-இல் வையுங்கள். வந்தவுடன் 600-க்கு இறக்கி, கடிகாரம் பார்த்து துவரம்பருப்புக்கு 8 முதல் 10 நிமிடம், ஊறிய புழுங்கலரிசிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. பிறகு நிறுத்தி ஆவி தானாக அடங்க விடுங்கள். இடையில் விசில் வந்தாலும் வராவிட்டாலும் கவலை இல்லை. அலுமினியக் குக்கரில் "இண்டக்ஷன் பேஸ்" என்பது அடியில் ஒட்டிய எஃகுத் தகடு. தண்ணீர் இல்லாமல் ஒரு முறை காய்ந்தால் தகடு புடைத்துக்கொள்ளும், அப்புறம் கண்ணாடியில் ஒட்டி உட்காராது. மாதம் ஒரு முறை அடியில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது.

தோசைதான் பெரிய தகராறு. கையடக்க இண்டக்ஷனுக்குள் காயில் 18 முதல் 20 சென்டிமீட்டர்தான். உங்கள் தோசைக்கல் 28 அல்லது 30 இருக்கும். நடுவில் கருகும், ஓரம் வெள்ளையாக நிற்கும். தட்டையான அடியுள்ள கனமான வார்ப்பிரும்புக் கல்லாக இருந்தால் 600-இல் ஆறேழு நிமிடம் பொறுமையாகக் காய விட்டு, பிறகு 1000-க்கு ஏற்றினால் ஓரளவு சமாளிக்கலாம். அதுவும் கல் அளவுக்கு அல்ல, காயில் அளவுக்குத்தான் தோசை. எடுத்தவுடன் 2000 வைத்தால் நடு மட்டும் விரிந்து வார்ப்பிரும்பு விரிசல் விடும். நடுவில் குழிந்த பழைய கல் கண்ணாடியில் நிற்கவே நிற்காது. நாலு பேருக்கு முறுகலாகத் தோசை வார்க்க கேஸ்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாளிப்புக் கரண்டியை அடுப்பு பாத்திரமாகவே ஏற்காது. அடி 12 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சின்ன இரும்பு வாணலி வைத்துத் தாளியுங்கள், எண்ணெய் ஊற்றிய பிறகே அடுப்பைப் போடுங்கள், 600-க்கு மேல் போகாதீர்கள். கேஸ் பழக்கத்தில் வெறும் வாணலியை வைத்துவிட்டுக் கடுகு டப்பாவைத் தேடினால் அதற்குள் வாணலி புகையும்.

பால் காய்ச்ச 300, 400 என்று குறைத்து வைக்கலாம் என்பீர்கள். விலை குறைந்த அடுப்புகள் அந்த அளவில் உண்மையாகக் குறைவதில்லை. சில வினாடி ஆயிரம் வாட், சில வினாடி நிறுத்தம் என்று மாற்றி மாற்றி ஓடும். மெல்லிய பாத்திரத்தில் அடிப்பிடிப்பது அதனால். அடி கனமான பாத்திரத்தில், பாலுக்கு முன் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வாங்கும்போது கடையிலேயே தண்ணீர் வைத்து, 300-இல் விட்டுவிட்டு ஓடுகிறதா சீராக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

அப்பளம் சுட, கொத்சுக்குக் கத்திரிக்காய் சுட, சுக்கா ரொட்டி உப்ப, நெருப்பு வேண்டும். ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்கள் கேஸிலும் சிறு தீயில், ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். அந்த ஈயம் வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். மண்சட்டியும் ஈயச்சொம்பும் மின்சாரத்தில்தான் வேண்டும் என்றால் இன்ஃப்ராரெட் அடுப்பு இருக்கிறது, எந்தப் பாத்திரமும் ஏற்கும். ஆனால் அதில் கண்ணாடி பழுத்து, நிறுத்திய பிறகும் வெகுநேரம் சுடும். இண்டக்ஷனைவிட யூனிட்டும் கூட ஆகும்.


நீலச்சுடர்:

கணக்குப்பிள்ளை சார் 60 சதவீதம் போட்டதுல எனக்குச் சின்ன மறுப்பு. ஐஎஸ் 4246-ங்கிற இந்தியத் தரப்படி கேஸ் அடுப்பு 68 சதவீதமாவது காட்டணும். அது ஆய்வகத்துல, அகலப் பாத்திரத்துல. வீட்டுலயும் பர்னர் சுத்தமா இருந்து, பாத்திர அடியை விட்டு வெளிய சுடர் நக்காம வச்சா 65 தாண்டும். 66-னு வச்சா ஒரு சிலிண்டருக்கு 140 யூனிட் வருது, அவர் சொன்ன 6 ரூபா 84 காசு சமநிலை விலை 6 ரூபா 20 காசுக்கு இறங்கிடும், 401-500 ஸ்லாப்லயே லாபம் இல்லாமப் போயிடும். மாறா, சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னர்ல வச்சு முழுசாத் திறந்து விடுற வீட்டுல 50 கூடத் தேறாது. அவங்களுக்கு 8 ரூபா வரைக்கும் மின்சாரம் லாபம். அதனால அடுப்பை மாத்துறதுக்கு முன்னாடி இருக்கிற அடுப்பைச் சரி பண்ணிப் பாருங்க.

சுடர் நீலமா, நுனி கூரா இருக்கணும். மஞ்சளா ஆடினா காத்து பத்தலை. பர்னர் தலையை எடுத்து ஓட்டைகளை ஊசியால குத்தி, வெந்நீர் சோப்புல ஊற வச்சு, நல்லா காய வச்சு மாட்டுங்க. ஈரத்தோட மாட்டினாலும் மஞ்சள் வரும். பர்னருக்கு அடியில இருக்கிற குழாய்க்குள்ள சிலந்தி வலையோ பொங்கின பாலோ அடைச்சிருக்கும், அதையும் பிரஷ் விட்டு எடுங்க. ஜெட் ஓட்டையை மட்டும் ஊசி விட்டுப் பெருசாக்காதீங்க, கேஸ் கூடப் போய் புகை வரும்.

இப்ப அம்மா விஷயம், இதுதான் இந்தத் திரியில முக்கியம்னு நான் நினைக்கிறேன். மஞ்சள் சுடர்னா கார்பன் மோனாக்சைடும் கரியும். அது சரி பண்ணக் கூடியது. ஆனா சுத்தமான நீலச் சுடர்லயும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், ஏன்னா அது கேஸ்ல இருந்து வரலை, சுடர் சூட்டுல காத்துல இருக்கிற நைட்ரஜனே எரிஞ்சு வருது. வீசிங் உள்ளவங்களுக்கு அது ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல ஒரு நாள் சராசரிக்கு வச்ச வரம்பு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம். ஒரே ஜன்னல், எக்ஸாஸ்ட் இல்லாத சின்ன அறையில ரெண்டு பர்னர் ஒரு மணி நேரம் ஓடினா அந்த அறைக் காத்து எப்படி இருக்கும்னு யோசிங்க. 2023-ல ஸ்டான்ஃபோர்ட்ல நடந்த ஆய்வுல இயற்கை எரிவாயு, புரொப்பேன் ரெண்டு அடுப்புலயும் சுடர்ல இருந்து பென்சீன் வருதுன்னும், இண்டக்ஷன்ல சமைக்கும்போது அது கண்டுபிடிக்கிற அளவுக்கு இல்லைன்னும் காட்டியிருக்காங்க. அமெரிக்காவுல கேஸ் அடுப்பு வேணுமா வேண்டாமாங்கிற சண்டை பெருசானதே இந்த மாதிரி ஆய்வுகளால.

அதனால அம்மாவுக்காக இண்டக்ஷன் வாங்குறது நியாயம். ஆனா தாளிப்புக் காட்டம், மிளகாய் நெடி, எண்ணெய்ப் புகை எல்லாம் இண்டக்ஷன்லயும் அதே அளவு வரும். முதல்ல வாங்க வேண்டியது 9 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன். அடுப்புக்கு நேர் மேல, ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல உயரமா. ஃபேன் ஜன்னலுக்குப் பக்கத்துலதான் வைக்க முடியும்னா அந்த ஜன்னலை மூடிட்டு எதிர்ப்பக்கக் கதவை ஒரு கை அகலம் திறந்து வைங்க, இல்லைன்னா ஜன்னல்ல இருந்தே காத்தை இழுத்து அதையே வெளிய தள்ளிக்கிட்டு இருக்கும், அடுப்புப் புகை அப்படியே நிக்கும். குழாய் வெளிய போகாத, ஃபில்டர் மட்டும் உள்ள சிம்னி எண்ணெய்ப் பசையைத்தான் பிடிக்கும். இந்த வாயுக்களைப் பிடிக்காது.

கனெக்ஷனைத் திருப்பிக் கொடுக்காதீங்க. பாதி சமையல் மாத்தினா 14.2 கிலோ மூணு மாசம் வரும், அவ்வளவுதான். ஆனா சிலிண்டர் அதிக நாள் நிக்கிற வீட்டுல கவனம் குறையும். ராத்திரி ரெகுலேட்டரை மூடுங்க. ஆரஞ்சு சுரக்ஷா ட்யூப்ல தேதி அச்சடிச்சிருக்கும், அஞ்சு வருஷம் ஆனா மாத்தணும், அடுப்பே பத்த வைக்கலைன்னாலும் ரப்பர் இறுகும். சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடித் தகட்டுல உள்பக்கம் எழுத்தும் எண்ணும் பாருங்க: ஏ-னா ஜனவரி முதல் மார்ச், பி, சி, டி அடுத்தடுத்த மூணு மாசம், பக்கத்து எண் வருஷம். அந்தக் காலாண்டு தாண்டியிருந்தா சோதனைக் கெடு முடிஞ்ச சிலிண்டர், வாங்காதீங்க. புதுசு மாட்டினதும் வால்வுல சோப்புத் தண்ணி விட்டுக் குமிழ் வருதா பாருங்க. இண்டக்ஷனோட பிளக் பாயின்ட் சிலிண்டர் பக்கத்துல தரையோரமா இருக்கக் கூடாது; எல்பிஜி காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும். கசிவுன்னா எந்த ஸ்விட்ச்சையும் தொடாம, ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளிய போய் 1906-க்குக் கூப்பிடுங்க.

அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருந்தா மட்டும் இண்டக்ஷன்ல இருந்து ரெண்டடி தள்ளி நிக்கணும்.


வடமராட்சி:

எங்கட பக்கத்து அனுபவம் ஒண்டு இதுக்குப் பொருந்தும். இலங்கையில 2022இல 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு நாள் கணக்கா வரிசை. மார்ச் கடைசியில மின்வெட்டும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மண்ணெண்ணெயும் கிடைக்கேல்ல. காஸ் மட்டும் வைச்சிருந்த வீடும் மாட்டுப்பட்டது, கரண்ட் அடுப்பு மட்டும் வைச்சிருந்த வீடும் மாட்டுப்பட்டது. ரெண்டும் இருந்த வீடு கரண்ட் வாற நேரம் பார்த்து சோறு அவிச்சு, காஸை கறிக்கு மட்டும் பாவிச்சு ஒரு சிலிண்டரை இழுத்தடிச்சது. ஆனபடியால் நீலச்சுடர் சொல்லுறது சரி, கனெக்ஷனை விடாதேங்கோ. வீட்டு இன்வெர்ட்டர் 2000 வாட் இண்டக்ஷனை இழுக்காது, அதை நம்பவும் வேண்டாம்.

இன்னொண்டு. ரெண்டு இண்டக்ஷன் எதுக்கு? எங்கட வீடுகளில ரைஸ் குக்கர்தான் சோத்துக்கு. 1.8 லீட்டர் குக்கர் 700 வாட், 3 ஆம்பியர் சொச்சம், உங்கட 6 ஆம்ப் பிளக்கே தாராளம். ரெண்டு சுண்டு (எங்கட பக்கத்து அரிசி அளவு) அரிசி அவிய அரை மணித்தியாலம், ஒரு யூனிட்டில மூண்டில ஒரு பங்கு சொச்சம்தான் போகும். பாத்திரப் பிரச்சினை இல்லை, காயில் பிரச்சினை இல்லை, வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலும் மெதுவா அவியும், நிண்டு போகாது.


மேலூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு டிபி பாக்ஸைத் திறந்து பாத்தேன். ஒயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரி 16 ஆம்ப் பாயின்ட் கீசர்ல இருந்துதான் லூப் ஆகி வருது. தனி லைன் இழுக்கச் சொல்லிட்டேன். முதல்ல எக்ஸாஸ்ட் ஃபேன், அப்புறம் ஒரே ஒரு இண்டக்ஷன், ஒரு ரைஸ் குக்கர். சோறு, பருப்பு, பால், வெந்நீர் மின்சாரத்துல. தோசை, வறுவல், தாளிப்பு கேஸ்ல, அம்மா உள்ள இல்லாதப்ப.

கணக்குப்பிள்ளை ஐயா, ரெண்டு சந்தேகம். பாதி மட்டும் மாத்தினா எத்தனை யூனிட் கூடும்னு முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஏசி மாசத்துல 500-ஐத் தாண்டப் போறோம்னு எப்பக் கண்டுபிடிக்கிறது?


கணக்குப்பிள்ளை:

முதல் கேள்விக்கு ஒரு கொக்கித் தராசு போதும். சிலிண்டர் கழுத்தில் காலி எடை பொறித்திருக்கும், 15 அல்லது 16 கிலோ வரும். ரெகுலேட்டரைக் கழற்றி இன்று எடை போடுங்கள், பத்து நாள் கழித்து மறுபடி போடுங்கள். 45 நாள் கணக்குப்படி பத்து நாளைக்கு 3.2 கிலோ குறைய வேண்டும். இண்டக்ஷன் வந்த பிறகு அதே பத்து நாளில் 1.5 கிலோதான் குறைந்தது என்றால் மிச்சமான 1.7 கிலோவுக்கு, கிலோ ஒன்றுக்கு 9 யூனிட் வீதம், 15 யூனிட் போயிருக்கும்; இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். ஏசி மாதத்தில் 420 + 90 = 510. பத்து யூனிட்டில் பள்ளத்தில் விழுகிறீர்கள். அந்த இரண்டு மாதம் வெந்நீரையும் பருப்பையும் கேஸுக்குத் தள்ளினால் தப்பிவிடலாம். அம்மாவின் மூச்சுக்காக அதைச் செய்ய வேண்டாம் என்று நினைத்தால் ஏசியை ஒரு டிகிரி ஏற்றி அந்தப் பத்து யூனிட்டை மிச்சம் பிடியுங்கள். நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

இரண்டாவது. ரீடிங் எடுத்த அன்றைக்கு மீட்டரில் இருந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதுங்கள். 500-ஐ 60-ஆல் வகுத்தால் நாளைக்கு 8.3 யூனிட். 20-ஆம் நாள் 166, 40-ஆம் நாள் 333. நாற்பதாம் நாள் 333-ஐத் தாண்டியிருந்தால் மீதி இருபது நாளில் என்ன குறைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்யுங்கள். ஐம்பத்தைந்தாம் நாள் பார்த்துப் பயனில்லை. ரீடிங் எடுக்கும் நாள் சில தடவை நாலைந்து நாள் தள்ளிப் போகும். நாளைக்கு எட்டு யூனிட் வீதம் அந்த நாட்களும் இதே பில்லில்தான் ஏறும், அதனால் 500 வரை இழுக்காமல் 460-லேயே நிற்கும்படி பாருங்கள்.


ஒயர்மேன்:

தனி லைன் இழுக்கும்போது அந்தப் பாயின்ட்டை மேடைக்கு மேல ஒன்பது இஞ்ச் உயரத்துல, சிங்க்ல இருந்து தள்ளி, கேஸ் அடுப்புக்கு நேர் பின்னாடி வராம வைக்கச் சொல்லுங்க. அடுப்புக்குப் பின்னாடி வச்சா சூட்டுலயும் எண்ணெய்ப் பசையிலயும் சாக்கெட் கெடும்; ஒயரும் பர்னர் மேல குறுக்க போகும்.